அதே லைனில் வேறென்ன ஓடுகிறது

லேப்டாப்பில் எதையாவது செருகினால் வருகிற சத்தம் கீழிருந்து மேலே ஏறும். பிடுங்கினால் மேலிருந்து கீழே விழும். யாரும் எதையும் பிடுங்காமலே அன்று காலையும் அந்த விழுகிற சத்தம் கேட்டது. டீச்சரின் காதில், ஹெட்போனில் பேசிக்கொண்டிருந்த ஆள் பாதி வார்த்தையில் காணாமல் போனான். திரை கறுத்துப் பூட்டிக்கொண்டது.

"போச்சு," என்றாள். "யோவ், மறுபடியும் போச்சுய்யா."

பின்னால் கட்டிலில் தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்திருந்தான் அவள் புருஷன். மூக்கில் குழாய்.

"எது போச்சு?"

"என் உசுரு."

"அது போயிருந்தா இம்புட்டு சத்தமா சொல்லமாட்ட."

டீச்சர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. கல்லுடைக்கிற கிரஷரில் ஜல்லிக் கூடை சுமந்தவள். லாரிக்கு எத்தனை கூடை ஏறிற்று என்று அந்த இரைச்சலுக்கு மேலே கத்திச் சொல்வதற்கு அவளைத்தான் நிறுத்துவார்கள். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து விழுகிற குரல். அந்தக் குரலை வைத்துத்தான் இந்த வேலை கிடைத்தது. வீட்டில் உட்கார்ந்து போனில் பேசுகிற வேலை. மாடியிலிருந்து நாள் முழுக்க "பொறுமையா கேளுங்க, முதல்ல இடது பக்கம் பாருங்க" என்று கேட்டுக் கேட்டு, தெருவே அவளுக்கு டீச்சர் என்று பேர் வைத்துவிட்டது.

புருஷனுக்குப் பேர் வெடி. பாறையில் குழி போட்டு வெடிமருந்து திணிக்கிறவன். குவாரியில் வைத்த பேர், வீடு வரைக்கும் கூடவே வந்துவிட்டது. கல்தூசியும் கூடவே வந்துவிட்டது. நெஞ்சுக்குள்ளே போய் உட்கார்ந்தது இனி இறங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, இந்த ஆக்சிஜன் மெஷினை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பகல் முழுக்க ஓடணும், கழட்டக்கூடாது. முழங்கால் உயரம், கீழே சக்கரம், பழைய மெஷின். இன்னொரு வீட்டில் அது தேவைப்படாமல் போன பிறகு வாங்கிக்கொண்டு வந்தது. அங்கே ஏன் தேவைப்படவில்லை என்று இவர்கள் கேட்கவில்லை.

டீச்சரின் கம்பெனி கம்ப்யூட்டரில் செருகுகிற சாமான்களை விற்கிறது. மவுஸ், கீபோர்டு, கேமரா, ஹெட்போன். வாங்கினவர்கள் கூப்பிட்டுப் புலம்புவார்கள். புலம்பலில் முக்கால்வாசி ஒன்றேதான். சார்ஜ் போட்டா கனெக்‌ஷன் அறுந்துபோகுது மேடம். கரண்ட் போய் வந்தா அறுந்துபோகுது மேடம். அதற்கு அவளிடம் பதில்கள் வரிசையாக இருந்தன, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வயரை மாற்றிப் பாருங்க. வேற ஓட்டையில செருகிப் பாருங்க. கரண்ட் மிச்சம் பிடிக்கிற செட்டிங்கை அணைச்சு வைங்க. சார்ஜரை வேற சாக்கெட்டில் போடுங்க. கடைசியாக ஒரு கேள்வி: அதே லைனில் மோட்டார் வச்ச மெஷின் ஏதாவது ஓடுதா?

ஊருக்கெல்லாம் சரியானது. அவள் ஹெட்போன் மட்டும் அறுந்துகொண்டே இருந்தது.

ஹெட்போன் அறுந்தால் கம்பெனி லேப்டாப் தானாகப் பூட்டிக்கொள்ளும். கம்பெனியின் கணக்கில் அப்போது "ஆள் இல்லை" என்று விழும். சீட்டை விட்டு எழுந்து போய்விட்டாள் என்று அர்த்தம். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பேசலாம் என்றால் லேப்டாப்பின் பேட்டரி செத்த பேட்டரி, ஒரு ஆள் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் அணைந்துவிடும். கழற்றுகிற நேரத்திலேயே அறுவதும் உண்டு. செருகினாலும் அறுகிறது, பிடுங்கினாலும் அறுகிறது. இவள் எங்கே போவாள்?

போன் அடித்தது. டீம் லீடர். அவளுக்கு மகனாக இருக்கிற வயசு, சார் என்று கூப்பிட வேண்டியிருந்தது.

"மேடம், எங்க போயிட்டீங்க?"

"எங்கயும் போகல சார். இங்கதான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்."

"சிஸ்டம் அப்படி சொல்லலையே மேடம்."

"சிஸ்டத்துக்குக் கண்ணு இருக்கா சார்?"

அவன் சிரிக்கவில்லை. "மேடம், நான் உங்களுக்காக நிறைய பேசிட்டேன். இந்த மாசம் இப்படியே அறுந்துச்சுன்னா என் கையில ஒண்ணுமில்ல. கம்பெனியில எவ்வளவோ பேரு வேலைக்குக் காத்திட்டிருக்காங்க."

வேலை போனால் என்ன ஆகும் என்று அந்த அறையில் யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மெஷின் கரண்டில் ஓடுகிறது, கரண்ட் அவள் குரலில் ஓடுகிறது. கிரஷருக்குத் திரும்பிப் போகலாம். போனால் பகலில் இவனைப் பார்க்க ஆளில்லை.

லீவு நாளில் தம்பியை வரச் சொன்னாள். வயர்மேன். படியேறும்போதே பேசிக்கொண்டு வருகிற ஆள்.

"என்ன மாமா, ராஜா மாதிரி படுத்துக்கிட்டு எங்கக்காவ வேலை வாங்குறீங்களாமே?"

"வாடா. உங்கக்காவ வேலை வாங்க இன்னொருத்தன் பொறந்துதான் வரணும்."

தம்பி சாக்கெட்டை முறைத்துப் பார்த்தான். "இந்த லைன்ல என்னென்ன ஓடுதுக்கா?"

டீச்சர் விரல் விட்டாள். "லைட்டு. ஃபேனு. லேப்டாப்பு. எப்பவாவது இஸ்திரிப்பெட்டி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்டா. என்ன, மில்லா ஓட்டுறேன்?"

மெஷின் அவள் முழங்காலை இடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் சொல்லவில்லை, தம்பியும் கேட்கவில்லை. மறைத்தார்கள் என்றில்லை. ஃப்ரிட்ஜும் மிக்ஸியும் சாமான். இது மாமாவின் மூச்சு. அதை யார் சாமானில் சேர்ப்பார்கள்?

தம்பி மெயினை அணைக்க வேண்டும் என்றான். அதற்கு முன்னால் இரண்டு பேருமாகச் சேர்ந்து வெடியின் குழாயை மெஷினிலிருந்து கழற்றி, கரண்ட் போனால் மாட்டுவதற்கென்று வைத்திருந்த சின்ன சிலிண்டரில் மாட்டினார்கள். அது சீக்கிரம் தீர்ந்துபோகும், நிரப்பத் தூரம் போகணும், ஆனாலும் அவனை மூச்சில்லாமல் விட்டுவிட்டு வயர் வேலை பார்க்க முடியுமா? தம்பி சாக்கெட்டைக் கழற்றினான். உள்ளே கறுத்திருந்தது. "இங்க பாரு, இந்தத் திருடன்தான்," என்றான். புதுசு மாட்டினான், திருகுகளை இறுக்கினான், மெயினைப் போட்டான்.

லேப்டாப்பை ஓடவிட்டு மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இஸ்திரிப்பெட்டியைப் போட்டு அணைத்தார்கள். ஹெட்போன் அசையவில்லை. வெடி இன்னும் சிலிண்டரில்தான் இருந்தான். மெஷின் மூலையில் அணைந்து நின்றது.

"எப்படி?" என்றான் தம்பி.

"கைராசிக்காரன்டா நீ."

கிளம்பும்போது கீழே வீட்டுக்காரம்மா பிடித்துக்கொண்டாள். யாரைக் கேட்டு மெயினை அணைச்சீங்க? மேலே தனியாக ஒரு லைன் இழுத்துக்கொடுத்தால் இந்தப் பிரச்சினையே வராது என்று தம்பி சொல்லிப் பார்த்தான். "சுவத்த உடைக்கிற வேலையெல்லாம் என் மகன் வந்து சொன்னாத்தான்," என்றாள். மகன் வெளிநாட்டில். எப்போது வருவான் என்பது அவளுக்கே தெரியாது.

மறுநாள் காலை இரண்டாவது ஆளோடு பேசும்போது மறுபடி அறுந்தது.

"புது சாக்கெட்டு, பழகுற வரைக்கும் கொஞ்சம் படுத்தும்போல," என்றாள் டீச்சர். வெடி பல்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலைத் திறந்தால் தூசி வரும் என்பதால் அந்த அறையில் பகலிலும் பல்பு எரியும். அவளுக்கு மேசை சுவரைப் பார்த்து. சாக்கெட் அந்தச் சுவரில்தான். அவன் மல்லாந்து கிடக்கிறவன். நாள் பூராவும் பார்ப்பதற்கு அவனுக்கு அந்த பல்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

அந்தப் பழைய மெஷின் ஓடி ஓடிச் சூடானால் தானாக நின்றுகொள்ளும். கொஞ்சம் ஆறியதும் முக்கிக்கொண்டு எழும். எழுகிற நேரத்தில் பல்பு ஒரு கணம் சோர்ந்து திரும்ப எரியும். பல்பு சோர்ந்த அதே நேரத்தில்தான் அந்த விழுகிற சத்தமும் கேட்டது. அவன் பல்பிலிருந்து மெஷினுக்குக் கண்ணைத் திருப்பினான்.

அதற்கப்புறம் அறுந்துபோகவே இல்லை.

முதலில் டீச்சர் நம்பவில்லை. ஒவ்வொரு போன் காலும் முடியும்போது தோளை இறக்கிக்கொள்வாள். பிறகு தோள் இறங்கியபடியே இருந்தது. தம்பிக்குப் போன் போட்டுக் கொஞ்சினாள். வாடிக்கையாளர்களிடம் குரலில் சிரிப்பு வந்தது. டீம் லீடரே கூப்பிட்டான்.

"மேடம், பிரமாதம். ஒரு தடவ கூட அறுந்துபோகல. உங்கள நேரடி வரிசையில போடலாம்னு இருக்கேன்."

"அப்படின்னா சார்?"

"ஒரு கால் முடிஞ்சதும் அடுத்தது தானா வந்துடும். நடுவுல இடைவெளி கிடையாது. டீ பிரேக் கொஞ்சம் குறையும். ஆனா நிரந்தரம் மேடம். அப்புறம் உங்கள யாரும் அசைக்க முடியாது."

அவள் வெடியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கையை ஆட்டினான். எடுத்துக்கோ.

"சரி சார்," என்றாள்.

நேரடி வரிசை என்பது கிரஷரின் பெல்ட் மாதிரிதான். கல் வந்து விழுந்துகொண்டே இருக்கும், கையை எடுக்க முடியாது. காதை இறுக மூடுகிற ஹெட்போனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் உலகம் அந்தப் பக்கத்து ஆளின் குரல்தான். டீ குடிக்க எழுந்து ஹெட்போனைக் கழற்றினால் முதுகுக்குப் பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்கும். மனசு நிறைந்துவிடும்.

வெடிதான் சுருங்கிப்போனான். அவள் ஒன்று சொன்னால் மூன்று சொல்கிறவன், தலையை மட்டும் ஆட்டினான். உதடு கறுத்திருந்தது.

"ஏன்யா இப்படி இருக்க?"

"வெயிலு."

"வெயில் உனக்கு மட்டும் தனியா அடிக்குதா?"

"எனக்கு அடிக்கிறதையெல்லாம்... உன்கிட்ட... சொல்லிக்கிட்டா இருக்கேன்?" அதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்செடுத்தான்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகணும், அடுத்த லீவில் போகணும் என்று நினைத்துக்கொண்டாள்.

போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒருவர் கூப்பிட்டது ஒரு மதிய நேரம். கேமராவைச் சார்ஜ் போட்டபடி கம்ப்யூட்டரில் மாட்டினால் அறுந்து அறுந்து போகிறதாம், கல்யாண போட்டோவெல்லாம் பாதியில் நிற்கிறதாம். டீச்சர் வரிசையாகக் கேட்டாள். வயர் மாற்றியாயிற்று. ஓட்டை மாற்றியாயிற்று. செட்டிங்கும் பார்த்தாயிற்று.

"சார், அதே லைன்ல மோட்டார் வச்ச மெஷின் ஏதாவது ஓடுதா?"

"பம்பு ஒண்ணு இருக்கும்மா. பழசு, முக்கிக்கிட்டு ஓடும். ஆனா அது இப்ப ஓடல, ரிப்பேரு."

"எப்பலருந்து சார் ரிப்பேரு?"

"நேத்து காலையிலருந்து."

"நேத்து காலையிலருந்து கேமரா அறுந்துச்சா?"

அந்தப் பக்கம் யோசித்தார். "இல்ல போலருக்கே. அட ஆமா. தானா சரியாயிடுச்சுபோல."

"தானா சரியாகாது சார்," என்றாள் டீச்சர், பாடம் நடத்துகிற குரலில். "அந்தப் பம்பு எந்திரிக்கும்போது லைன்ல இருக்கிற கரண்டையெல்லாம் இழுத்துக்கும். சார்ஜர் ஒரு கணம் செத்துப் பொழைக்கும். அதுல உங்க கேமரா அறும். இப்ப அறுந்துபோகலன்னா, பம்பு நின்னுடுச்சுன்னு..."

வாய் அங்கேயே நின்றது.

ஒரு பக்கத்துக் காதைத் தூக்கினாள். அறையில் சத்தமில்லை. ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் இருந்தது. திரும்பினாள்.

வெடி கட்டிலின் ஓரத்தில் குந்தியிருந்தான். குழாய் மூக்கில்தான் இருந்தது. மெஷினின் முகத்தில் விளக்கு அணைந்திருந்தது. ஒரு கை மெஷினின் ஸ்விட்ச் மேல். அந்தக் கையின் நகங்கள் சிலேட்டு நிறத்தில் இருந்தன. தோள் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய திரை பிரேக்குக்கு நிறம் மாறுகிற நேரத்துக்காகக் காத்திருந்தான். பிரேக்கில் அறுந்தால் கணக்கில் விழாது, அவள் டீக்கு எழுகிற நேரத்தில் மெஷினைப் போட்டுவிடுவதற்கு.

அவன் விரலை உதட்டில் வைத்தான். பேசு, என்று வாயை மட்டும் அசைத்தான்.

"மேடம்? இருக்கீங்களா?" ஸ்டூடியோக்காரர்.

"இருக்கேன் சார்." மைக்கைப் பொத்திக்கொண்டு, "போடு," என்றாள். அவன் தலையை ஆட்டினான். மாட்டேன்.

எழுந்தாள். ஹெட்போன் வயர் பிடித்து இழுத்தது. அதன் நீளம் மேசையோடு சரி, மெஷின் வரைக்கும் எட்டாது. கன்றுக்குட்டியைக் கட்டின மாதிரி நின்றாள். கையை நீட்டினாள், எட்டவில்லை. அவன் மெஷினைத் தன் பக்கமாக இன்னும் ஒரு சாண் இழுத்துக்கொண்டான்.

"சார், நான் சொல்றத கேளுங்க," என்றாள் மைக்கில். குரலில் எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. "பம்ப ரிப்பேர் பண்ணாம விட்டுடாதீங்க. தண்ணி வேணும்ல. கேமராவுக்கு வேற லைன் இழுக்கச் சொல்லுங்க. இப்ப என் லைன் அறுந்துடும். கோவிச்சுக்காதீங்க."

ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய் அவன் கையைத் தட்டிவிட்டு ஸ்விட்சைப் போட்டாள். மெஷின் முக்கியது. பல்பு சோர்ந்தது. முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் மேலிருந்து கீழே விழுந்தது.

"அறிவிருக்கா உனக்கு?" என்று கேட்டது அவன்தான்.

அவளுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. குழாயைச் சரிசெய்து, முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். "எத்தனை நாளாய்யா?"

"மருந்து வச்சுட்டு... திரி எரியிற வரைக்கும்... மூச்ச அடக்கிக்கிட்டு நிப்போம். பழக்கந்தான்."

"திரி எவ்வளவு நேரம் எரியும்? ஒரு ஷிப்ட்டு எரியுமா? வாயில வருது எனக்கு."

"உனக்கு நிரந்தரம் ஆகட்டும்னு..."

"யாருக்குய்யா நிரந்தரம்?"

போன் அடித்தது. இந்த முறை டீம் லீடரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மெஷின், புருஷன், லைன். அவன் கெட்டவனில்லை.

"மேடம், எனக்குப் போடறதுக்கு ரெண்டே காரணந்தான் இருக்கு. ஆள் இல்லை. கருவிக் கோளாறு. வேற எதுவும் அடிக்க முடியாது. கோளாறுன்னு போட்டா லேப்டாப்ப நாளைக்கே திருப்பி வாங்கிடுவாங்க, வேற கொடுக்க மாட்டாங்க. எது போடட்டும்?"

"ஆள் இல்லைன்னே போடுங்க."

"இதுவே கடைசி மேடம். நேரடி வரிசையில இன்னொண்ணு அறுந்தா சிஸ்டமே பேர எடுத்துடும். நான் இல்ல, சிஸ்டம்."

தம்பிக்கும் போட்டாள். "மெஷினா? அக்கா, அதையேன் அன்னைக்குச் சொல்லல?" என்று கத்தினான். கத்தி முடித்துவிட்டு, "நானும் கேக்கல," என்றான். பழைய இன்வெர்ட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு சாயங்காலம் வந்தான். அது கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறுகிறபோது அதுவும் ஒரு கணம் திக்கியது, ஹெட்போன் அறுந்தது. லேப்டாப்புக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் வேறொரு பெட்டியை மாட்டிப் பார்த்தான், கம்பெனி லேப்டாப் அதை ஏற்கவில்லை. கீழே போய் வீட்டுக்காரம்மாவிடம் கெஞ்சினான். மகன் வரட்டும் என்றாள். கெஞ்சின சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

மறுநாள் ஷிப்ட்டுக்கு முன் டீச்சர் மேசையைத் திருப்பிப் போட்டாள். சார்ஜர் வயர் விறைத்துக்கொண்டு நின்றது, ஆனால் எட்டியது. இப்போது அவள் முதுகு சுவருக்கு, முகம் கட்டிலுக்கு. மெஷினை மேசைக்கடியில் இழுத்து, ஸ்விட்ச் இருக்கிற பக்கத்தை நாற்காலிக்கு நேராகத் திருப்பி, அவன் அணைக்க முடியாதபடி ஸ்விட்சின் மேல் பாதத்தை அணைகொடுத்து வைத்துக்கொண்டாள். மேசை ஃபேனைத் தன் பக்கமிருந்து திருப்பி மெஷினைப் பார்த்து வைத்தாள். சூடாவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். அவளுக்கு வியர்வை கழுத்து வழியே இறங்கியது.

"கால எடு," என்றான் வெடி.

"எடுக்க மாட்டேன்."

"அது எப்படியும் சூடாகி நிக்கும்டி. நின்னா எந்திரிக்கும். எந்திரிச்சா உன் வேலை போச்சு."

"நிக்கிறப்ப பாத்துக்கலாம்."

"நின்னப்பறம் என்னத்தப் பாப்ப? இப்ப அணைச்சா நான் மதியம் வரைக்கும் தாங்குவேன்."

"தாங்கி?"

திரை வெளுத்தது. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டினாள், மற்றொன்றை மெஷினுக்கு விட்டாள். போன் கால் வந்தது.

"வணக்கம், சொல்லுங்க."

ஒரு பெண். சார்ஜ் போட்டால் கீபோர்டு அறுந்துபோகிறது, மகனுக்குப் பரீட்சை, மேடம், எவ்வளவோ பார்த்துவிட்டேன். டீச்சர் வயரைப் பற்றிக் கேட்கவில்லை, ஓட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. வரிசையின் கடைசிக் கேள்வியை முதலில் கேட்டாள்.

"அம்மா, அதே லைன்ல வேற என்ன ஓடுது உங்க வீட்ல? எதையும் விடாம சொல்லுங்க. சாமான்னு தோணாததையும் சொல்லுங்க."

"இருங்க மேடம், பாத்துட்டு வரேன்."

அந்தப் பெண் எழுந்து போகிற காலடி கேட்டது. யாரோ ஒரு வீட்டின் அறைகள் திறந்து மூடின. இந்தக் காதில் மெஷின் சத்தம் மெல்ல இழுபட ஆரம்பித்திருந்தது, நிற்பதற்கு முன்னால் வழக்கமாக இழுக்கிற மாதிரி. பாதத்துக்கடியில் சூடு தெரிந்தது. வெடி பல்பைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கையை ஸ்விட்சை நோக்கி நீட்டினான். அவன் கை அவள் கால்விரலில் வந்து முட்டியது.

அவள் காலை எடுக்கவில்லை.